ஆலை நாடு மாறும்போது தொழிலாளி கையில் இருக்க வேண்டியவை: ஸ்ரீபெரும்புதூர் தந்த பாடம்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்பேசி ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்துவந்த ஃபாக்ஸ்கான் ஆலை அதே ஆண்டு டிசம்பரில் நின்றது. செய்தித்தாள் கணக்கில் இவை இரண்டு தேதிகள். லைனில் நின்றவர்களுக்கு ஆலை மூடல் ஓராண்டுக்கு மேல் நடந்த விஷயம். அந்த ஓராண்டில் எதைக் கவனித்தார்கள், எந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்தார்கள், எதில் எப்போது கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் ஒவ்வொருவர் கைக்கும் வந்த பணத்தைத் தீர்மானித்தது. இன்றைக்கு வேறு எந்தத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை இடம் மாறினாலும் இதே வரிசையில்தான் நடக்கும். அதனால் இதை விவரமாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த நிறுவனம் போன பாதையைப் பார்க்க வேண்டும். 2008 ஜனவரியில் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆலையை மூடுவதாக நோக்கியா அறிவித்தது. அங்கே சுமார் 2,300 பேர் வேலை இழந்தார்கள். உற்பத்தி ருமேனியாவில் குளூஜ் நகருக்குப் பக்கத்திலுள்ள ஜுக்குவுக்குப் போனது. 2011-லேயே ஜுக்கு ஆலையையும் மூடப்போவதாகச் சொல்லி, வேலையை ஆசியாவுக்கு நகர்த்தினார்கள். 2012-ல் தாய்நாடான பின்லாந்தின் சாலோ ஆலையிலேயே உற்பத்தி நின்றது. 2013-ல் வியட்நாமின் பாக் நின் மாகாணத்தில் புதிய ஆலை திறந்தார்கள். 2014-ல் சென்னைக்கு முறை வந்தது. ஒவ்வோர் இடத்திலும் "இங்கே லாபமாகத்தான் ஓடுகிறது, நம்மை மூடமாட்டார்கள்" என்ற பேச்சு கடைசி வரை இருந்தது. ஓர் ஆலை லாபத்தில் ஓடுவது அது நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்னோர் இடத்தில் அதே வேலை இன்னும் மலிவாக, வரி வழக்கில்லாமல் நடக்குமா என்பதைத்தான் தலைமையகம் பார்க்கிறது.

சென்னையில் வரி வழக்கு ஒரு பெரிய காரணம். மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்குக் கட்டிய ராயல்டியில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2013-ல் சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. மாநில அரசு தன் பங்குக்கு விற்பனை வரியாக சுமார் 2,400 கோடி கேட்டது. ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2013 செப்டம்பரில் நோக்கியாவின் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக ஒப்பந்தம் ஆனது. 2014 ஏப்ரலில் அது கைமாறியபோது சென்னை ஆலை மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. அதன் பிறகு சென்னை, மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்குப் போன் செய்துகொடுக்கும் இடமாக ஆனது. அந்தக் கூலி ஒப்பந்தம் நவம்பர் 1 முதல் கிடையாது என்று அக்டோபரில் சொன்னார்கள். அத்தோடு முடிந்தது. அரசு முடக்கி வைத்தது கட்டடத்தையும் இயந்திரங்களையும். மாடலும் ஆர்டரும் உலகின் வேறு ஆலைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. ஆலை எங்கே நிற்கிறது என்பதைவிட அடுத்த மாடல் எந்த ஆலைக்கு ஒதுக்கப்படுகிறது என்பதைத் தொழிலாளி பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

லைனில் தெரியும் அறிகுறிகள்

எந்த அறிகுறியும் தனியாக வந்தால் பொருட்படுத்த வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்து ஒரே காலாண்டில் வந்தால் தாள்களைச் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

மிக நம்பகமானது, புதிய மாடல் வராமல் போவது. எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஒரு மாடலின் ஆயுள் குறைவு. புது மாடலுக்கு முன்னோட்ட உற்பத்தி, ஜிக் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) மாற்றம், டெஸ்ட் புரோகிராம் ஏற்றுதல் என்று எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அது நின்று, பழைய மாடல்களே திரும்பத் திரும்ப ஓடினால், அந்த மாடல்களின் விற்பனை தேயும் வரைக்கும்தான் ஆலைக்கு வேலை. கார் ஆலையானால் புது மாடலுக்கான டை, வெல்டிங் ஃபிக்ஸர் ஆர்டர் போகிறதா என்று டூல் ரூமில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்க வேண்டும்.

அடுத்தது, வேறு நாட்டு ஆலையிலிருந்து ஆட்கள் வந்து லைனைப் படம் எடுப்பது, ஒவ்வொரு ஸ்டேஷனின் நேரத்தையும் குறிப்பது, வேலைமுறைத் தாள்களை நகல் எடுப்பது. அல்லது நம் ஆலையின் டெக்னீஷியன்களைப் பயிற்சி கொடுக்க மூன்று மாதம் வெளிநாடு அனுப்புவது. பயிற்சிக்குப் போகிறவருக்கு அது பெருமையாக இருக்கும், கூடுதல் படியும் கிடைக்கும். அவர் அங்கே தொடங்கி வைப்பது நம் லைனின் இரட்டைப் பிறவியை.

ஓவர்டைம் நின்றால் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நேர்மாறாகவும் நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் உற்பத்தியை இடம் மாற்றும்போது புதிய இடத்தில் லைன் நிலைப்படச் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் வாடிக்கையாளருக்குச் சரக்கு தடைபடக்கூடாது. அதற்காகப் பழைய ஆலையில் ஞாயிற்றுக்கிழமை கூட ஓட்டி இருப்புச் சேர்ப்பார்கள். விற்பனை கூடவில்லை, புது ஆள் எடுக்கவில்லை, ஆனால் ஓ.டி. மட்டும் திடீரென்று ஏறுகிறது, கிடங்கில் சரக்கு குவிகிறது என்றால் அது நல்ல செய்தி இல்லை. அந்த ஓ.டி. பணத்தைக் கடனுக்குக் கட்டி முடித்துவிடுங்கள்.

சிறிய அறிகுறிகளும் உண்டு. இயந்திரங்களின் பராமரிப்புக் காலம் தள்ளிப்போகும், ஸ்பேர் பார்ட்ஸ் இருப்பைக் குறைப்பார்கள், டிரெய்னிகளை நிரந்தரமாக்காமல் காலம் நீட்டுவார்கள், இரண்டு பஸ் ரூட்டை ஒன்றாக்குவார்கள், கேன்டீன் ஒப்பந்தத்தை வருடக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு மாற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் காண்ட்ராக்ட் தொழிலாளர்களை விடுவிப்பார்கள். நிரந்தரத் தொழிலாளர்கள் அப்போது பெரும்பாலும் பேசாமல் இருப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் போன பிறகு, உற்பத்தியை நிறுத்திக் காட்டும் பலம் ஆலைக்குள் பாதியாகிவிடுகிறது என்பது பிறகுதான் உறைக்கும்.

இப்போதே சேர்க்க வேண்டிய தாள்கள்

ஆலை மூடிய பிறகு எச்.ஆர். அலுவலகம் இருக்காது. உள்ளே நுழைய அடையாள அட்டை வேலை செய்யாது. கம்பெனி மின்னஞ்சலும் பேஸ்லிப் இணையதளமும் கடைசி நாளோடு பூட்டப்படும். அதனால் எல்லாம் முன்கூட்டியே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும், வீட்டில் ஒரு கோப்புக்கும் வந்துவிட வேண்டும்.

நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், ஒவ்வொரு சம்பள உயர்வுக் கடிதம். பணியில் சேர்ந்த தேதிக்கும் நிரந்தரமான தேதிக்கும் இடையில் ஓராண்டு இருந்தால், செட்டில்மெண்டில், அதாவது வெளியேறும்போது தரும் இறுதித் தொகையில், எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்பதில்தான் தகராறு வரும். டிரெய்னி காலத்தில் பி.எஃப். பிடித்திருந்தால் அந்தக் காலமும் பணிக்காலம்தான் என்று வாதாட அது நல்ல ஆதாரம். பேஸ்லிப் குறைந்தது கடைசி 12 மாதத்துக்கு வேண்டும். விடுப்பு இருப்பு காட்டும் திரையைப் படமெடுத்து வையுங்கள். படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கான சான்று) எல்லா ஆண்டுக்கும். பி.எஃப். பாஸ்புக்கை யு.ஏ.என். (பி.எஃப்.-க்கான உங்கள் நிரந்தர எண்) தளத்திலிருந்து இறக்கி, மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறார்களா என்று விரலை வைத்துப் பாருங்கள். கடைசி ஆறு மாதத்தில் விடுபடுவது சாதாரணம். சின்ன சப்ளையர் ஆலைகளில் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமலே விடுவதும் உண்டு. ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி, தந்தை அல்லது கணவர் பெயர் பி.எஃப். பதிவோடு ஒத்திருக்கிறதா என்பதை ஆலை ஓடும்போதே சரிபார்க்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு பெயரின் முன்னெழுத்து மாறிய பெண்களின் கோரிக்கைகள் இந்த ஒரு காரணத்தாலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். நிறுவனம் போன பின் அந்த ஒப்புதலுக்கு அலைவது பெரிய பாடு.

பயிற்சிச் சான்றிதழ்களையும் விட்டுவிடாதீர்கள். "ஆபரேட்டர்" என்ற ஒற்றைச் சொல்லோடு வெளியே வந்தால் அடுத்த ஆலை உங்களைப் புதியவராகவே எடுக்கும். எஸ்.எம்.டி. லைனில் (சர்க்யூட் போர்டில் சிறு பாகங்களைப் பொருத்தும் இடம்) எந்த இயந்திரம், எந்த மாதிரி, ரீஃப்ளோ ஓவனில் (அவற்றைப் பற்றவைக்கும் அடுப்பு) வெப்ப அளவு அமைக்கத் தெரியுமா, ஆர்.எஃப். (ரேடியோ அலை) டெஸ்டில் எத்தனை ஆண்டு, பழுது கண்டுபிடிப்பில் எவ்வளவு காலம் என்று சூப்பர்வைசர் இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். பணி அனுபவக் கடிதத்தின் வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் கையெழுத்துக் கிடைக்கும். அவர்களே எழுதித் தருவார்கள் என்று காத்திருந்தால் எல்லாருக்கும் ஒரே இரண்டு வரிதான்.

சட்டம் தருவதும் பேரம் தருவதும்

மூடல் பற்றிய சட்டம் இப்போது மாறியிருக்கிறது. நோக்கியா காலத்தில் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் இருந்தது. அதில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலை மூட 90 நாள் முன்பே அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் அனுமதி தேவைப்படும் எல்லை 300 தொழிலாளர்கள். 300-க்குக் கீழே, ஆனால் 50 பேருக்குக் குறையாமல் உள்ள ஆலைகள் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் பெரிய ஆலையைச் சுற்றியிருக்கும் சப்ளையர் ஆலைகளில் பல இந்த 300-க்குக் கீழே விழுந்துவிடும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முன்னைவிடக் குறைந்த காலமே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு அனுமதி தேவைப்படும் ஆலையிலும், 60 நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். ஆகவே நிறுவனம் விண்ணப்பித்தது தெரிந்ததும் தொழிற்சங்கமோ, சங்கம் இல்லாத இடத்தில் கையெழுத்திட்ட தொழிலாளர்களோ, தொழிலாளர் துறைக்கு எழுத்தில் எதிர்ப்பைக் கொடுத்துத் தேதி முத்திரையோடு நகல் வாங்க வேண்டும்.

மூடினால் சட்டப்படி கிடைப்பது எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது. கணக்குப் போட்டால் அதிர்ச்சியாக இருக்கும். எட்டு வருடம் ஏழு மாதம் வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 24,000. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாக எண்ணப்படும், எனவே 9 ஆண்டு. மூடல் இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம். புதிய சட்டத்தில் ஊதியம் என்பது வீட்டு வாடகைப் படி, பயணப்படி போன்றவற்றை விலக்கியது. அப்படியானால் 6,500 பெருக்கல் 9, ஆக 58,500 ரூபாய். பணிக்கொடை அதாவது கிராஜுவிட்டி, 13,000 பெருக்கல் 15 வகுத்தல் 26, அது 7,500. அதை 9-ஆல் பெருக்கினால் 67,500. இரண்டும் சேர்ந்து 1,26,000. மேலே விடுப்புப் பணம், அந்த ஆண்டுக்கான போனஸ். ஒன்பது ஆண்டு உழைப்புக்குச் சட்டம் தரும் அடித்தளம் இவ்வளவுதான்.

(படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மேற்பட்ட தொகை ஊதியத்தோடு சேரும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. அடிப்படைச் சம்பளத்தை 8,000, 9,000 என்று வைத்திருக்கும் ஆலைகளில் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். 24,000 மொத்தத்தில் 9,000 அடிப்படை என்றால், கணக்குக்கு எடுக்க வேண்டியது 12,000.)

இனி பேரம். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையை மூடுவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தார்கள். அது உற்பத்தியை வேறு நாட்டுக்கு மாற்றிய கதை இல்லை, நஷ்டம் காட்டி வெளியேறியது. ஆனால் செட்டில்மெண்ட் பேச்சு எப்படி நடக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பேச்சுவார்த்தை ஆண்டுக்கு 100 நாளுக்கு மேற்பட்ட மொத்தச் சம்பளம் என்ற அளவில் நடந்தது. நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 100 நாள் மொத்தச் சம்பளம் என்றால் 80,000, ஒன்பது ஆண்டுக்கு 7,20,000. சட்டம் தரும் 58,500-க்கும் இதற்கும் உள்ள தூரம்தான் சங்கம், ஒற்றுமை, நேரம் மூன்றும் சேர்ந்து ஈட்டுவது. ஜெர்மனியின் போஹும் நகர ஆலையில் 2,300 பேருக்கு 200 மில்லியன் யூரோ சமூகத் திட்டம் பேசி முடிக்கப்பட்டது. அங்கே மூடலின் பாதிப்பை ஈடுசெய்யும் திட்டத்தைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசித் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். நம்மிடம் அந்தச் சட்டம் இல்லை. அதனால் நேரம்தான் நம் பிடிமானம்.

எந்த நேரம்? நிறுவனத்துக்கு உற்பத்தி இன்னும் தேவைப்படும் நேரம். கடைசி ஏற்றுமதி ஆர்டர் முடியும் வரை, வேறு நாட்டு லைன் தயாராகும் வரை, நிர்வாகம் பேசும். ஃபோர்டில் 2022 மே இறுதியில் நடந்த வேலைநிறுத்தம் ஏற்றுமதிக்கான கார்கள் இன்னும் முடியாமல் இருந்தபோது நடந்தது. ஜூலையில் கடைசிக் கார் வெளியே போன பிறகு அந்தப் பலம் இல்லை. நோக்கியாவில் 2014 ஏப்ரலிலேயே விருப்ப ஓய்வுத் திட்டம் வந்துவிட்டது. சுமார் 6,600 பேரில் 5,000-க்கும் மேற்பட்டோர் அதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். எஞ்சியிருந்தவர்கள் நவம்பர் மூடலின்போது பேச வேண்டியிருந்தது. எண்ணிக்கை குறைந்த பிறகு பேசுவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. விருப்ப ஓய்வு எடுத்தவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கடன் இருக்கும்போது கையில் வரும் காசோலையை யார் மறுப்பார்? ஆனால் அவர்களில் பலர் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்க நேரம் தரப்படாமலே கையெழுத்திட்டார்கள். அதுதான் மாற வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றி ஓர் எச்சரிக்கை. புதிய சட்டப்படி எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ அறிவிப்பின்றிச் சேர்ந்து வேலைக்கு வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. மூடல் செய்தி வந்த கோபத்தில் அன்றே உள்ளே உட்கார்ந்துவிட்டு, பிறகு அந்தப் பிடித்தத்தைத் தள்ளுபடி செய்வதையே பேரத்தின் ஒரு பகுதியாக நிர்வாகம் வைப்பதுண்டு. சங்கம் அறிவிப்பை முன்பே கொடுத்து வைப்பது நல்லது.

கையெழுத்துக்கு முன்

விருப்ப ஓய்வு என்ற தாளும், ராஜினாமா என்ற தாளும், மூடல் இழப்பீடு என்ற தாளும் ஒன்றல்ல. விருப்ப ஓய்வில் கையெழுத்திட்டால் சட்டத்தின் பார்வையில் நீங்களாகவே போனதாக ஆகும், ஆட்குறைப்பு இல்லை. பின்னால் வழக்குப் போடும் வாசல் ஏறக்குறைய மூடிவிடும். அதற்கு ஈடாகத்தான் கூடுதல் பணம் தருகிறார்கள். அந்தக் கூடுதல் உண்மையில் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

"உங்களுக்கு 6 லட்சம்" என்று சொன்னால் முதல் கேள்வி, இதில் கிராஜுவிட்டி சேர்ந்ததா? அடுத்தது விடுப்புப் பணம், போனஸ், நிலுவைச் சம்பளம் இவை உள்ளேயா வெளியேயா? சில இடங்களில் பி.எஃப். இருப்பைக் கூடச் சேர்த்துப் பெரிய எண்ணாகக் காட்டுகிறார்கள். பி.எஃப். உங்கள் பணம், செட்டில்மெண்ட் இல்லை. மேலே போட்ட கணக்கில், 6 லட்சத்துக்குள் கிராஜுவிட்டியும் மூடல் இழப்பீடும் அடக்கம் என்றால், உண்மையான கூடுதல் 4,74,000. இரண்டும் வெளியே என்றால் முழு 6 லட்சமும் கூடுதல். இந்தப் பிரிவினையை எழுத்தில், வரி வரியாகக் கேளுங்கள். வாயால் சொன்ன எதுவும் பிறகு நிற்காது.

தாளில் "எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அநேகமாக எப்போதும் இருக்கும். பணம் வங்கியில் ஏறுவதற்கு முன் அதில் கையெழுத்திடச் சொன்னால், எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்ற வரியை அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ தேதி இல்லாத ராஜினாமாவிலோ கையெழுத்திட வேண்டாம். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் ஒரு நாள் அவகாசம் கேட்டு, படம் எடுத்து, சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். ஒரு நாள் தரமாட்டோம் என்று சொல்வதே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

சங்கம் நிர்வாகத்தோடு போடும் ஒப்பந்தத்திலும் இரண்டு வகை. இருவரும் தங்களுக்குள் போட்டுக்கொண்டால் அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போட்டால், சங்கத்தில் இல்லாதவர் உட்பட ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டும். ஆலைகளில் இதை "12(3)" என்று பழைய சட்டப் பிரிவின் எண்ணாலேயே சொல்வார்கள். இரண்டு மூன்று சங்கங்கள் உள்ள ஆலையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. நல்ல ஒப்பந்தமாக இருந்தால் சமரச அலுவலர் முன் கையெழுத்தாகட்டும் என்று கேளுங்கள். மோசமான ஒப்பந்தம் அப்படிக் கையெழுத்தானால் உங்களையும் கட்டிவிடும், எனவே அதற்கு முன்பே எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

வரியைப் பற்றி: விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் வரை வரி விலக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குப் பத்தாண்டு பணியோ 40 வயதோ நிரம்பியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2006-ல் தொடங்கிய ஆலையில் 2014-ல் பத்தாண்டு எந்த ஆலைத் தொழிலாளிக்கும் ஆகியிருக்காது, வயதோ இருபதுகளில். இளம் தொழிலாளர்கள் உள்ள புதிய ஆலைகளில் இந்த இடி எப்போதும் விழும். இப்போது புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி வராது என்பதால் சிறிய தொகைகளுக்குக் கவலை குறைவு. ஆனாலும் நிறுவனம் வரியைப் பிடித்துவிட்டே கொடுத்திருக்கலாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். வாழ்க்கையில் ஒருமுறை கூடத் தாக்கல் செய்யாதவர்கள் அந்த ஆண்டு கட்டாயம் செய்ய வேண்டும். ஒரே ஆண்டில் பெருந்தொகை வந்து வரி ஏறினால் படிவம் 10ஈ மூலம் நிவாரணம் கேட்க வழி உண்டு. அதைக் கணக்குத் தாக்கலுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

வெளியே வந்த பிறகு

இ.எஸ்.ஐ. அட்டை அன்றே செத்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் பணம் கட்டியிருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர். இது தெரியாமல் மூடலுக்கு அடுத்த மாதமே தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிப் பிரசவம் பார்த்த குடும்பங்கள் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-க்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு உரிமை, ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவர், குறைந்தது இரண்டாண்டு இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால், முதல் 12 மாதம் ஊதியத்தில் பாதியும் அடுத்த 12 மாதம் கால்பங்கும் கிடைக்கும், மருத்துவமும் தொடரும். விருப்ப ஓய்வு, ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. சப்ளையர் ஆலையில் 16,000 சம்பளத்தில் இருப்பவருக்கு இந்த 24 மாதத்தின் மதிப்பு 1,44,000. சிறு தொகைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தவர்கள் இதை இழந்தார்கள். வெளியேறிய காரணம் இ.எஸ்.ஐ. தளத்தில் என்னவாகப் பதியப்படுகிறது என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

பி.எஃப். பணத்தை அவசரமாக எடுக்க வேண்டாம். ஐந்து ஆண்டு ஆகுமுன் நீங்களாக விலகி எடுத்தால் வரி. அடுத்த வேலையில் அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொண்டால் பணிக்காலம் தொடரும். பென்ஷனுக்குப் பத்தாண்டு வேண்டும், ஆனால் ஒன்பதரை ஆண்டு ஆனாலே பத்தாக எண்ணப்படும். எட்டு ஆண்டோடு மூடலில் வெளியே வந்து பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்த எட்டும் போய்விடும். எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்தால் அடுத்த வேலையின் ஆண்டுகளோடு சேரும். 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி 25 சதவீதம் கணக்கில் நிற்க வேண்டும், வேலை இல்லாதவர் முழுத் தொகை எடுக்க 12 மாதமும் பென்ஷன் தொகை எடுக்க 36 மாதமும் காத்திருக்க வேண்டும். செட்டில்மெண்ட் தீர்ந்ததும் பி.எஃப். கை கொடுக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

செட்டில்மெண்ட் பணம் சம்பளக் கணக்கில்தான் விழும். அதே வங்கியில் தனிநபர் கடன் தவணை தவறியிருந்தால் வங்கி அதில் கைவைக்கும். முன்பே கிளை மேலாளரைப் பார்த்துத் தவணையை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் நின்றால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்புக்கு அபராதமும் விழத் தொடங்கும். வந்த தொகையில் ஓராண்டு வீட்டுச் செலவை முதலில் வைப்பு நிதியில் போடுங்கள். மூடல் செய்தி பரவிய உடனே மனை விற்பவர்களும், வெளிநாட்டு வேலைக்கு முன்பணம் கேட்பவர்களும் ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். முதல் மூன்று மாதத்துக்கு எதிலும் பெருந்தொகை இறக்க வேண்டாம். திருமணமாகாத பெண்களின் பணம் வீட்டில் மற்றவர் கடனுக்கோ நகைக்கோ போய்விடுவதும் நடக்கிறது. அது அவள் பெயரில், அவள் மட்டும் இயக்கும் கணக்கில் இருக்கட்டும்.

புது வேலையில் வயதுதான் பெரிய தடை. எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் 18 முதல் 25 வயதுப் புதியவர்களையே தேடுகின்றன. எட்டு ஆண்டு அனுபவம் உள்ள 28 வயதுப் பெண்ணை "அதிகச் சம்பளம் கேட்பார், சங்கம் பேசுவார்" என்று ஒதுக்குகிறார்கள். லைன் ஆபரேட்டராக மனுப் போடுவதைவிடத் தர ஆய்வு, பழுதுநீக்கம், டெஸ்ட் என்று தனித்திறன் வேலைகளுக்குப் போட்டால் வாய்ப்பு அதிகம். முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல். சான்றிதழை மத்திய அரசின் திறன் திட்டத்தில் எடுக்கலாம். எழுத்துப் படிப்பு இல்லாமல் கையால் கற்றதற்கு ஒரு தாள் கிடைக்கும். அந்தப் பழைய நோக்கியா வளாகத்தைப் பின்னர் சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கி, சார்ஜர் தயாரிப்புக்கு 2020-ல் திறந்தது. அதே கட்டடத்தில் புதிய தலைமுறை வேலைக்குச் சேர்ந்தது.

காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். செட்டில்மெண்ட் பேச்சில் இவர்கள் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் ஓடினால் பிரதான நிறுவனம் கொடுக்க வேண்டும், பி.எஃப். கட்டாமல் விட்டாலும் பொறுப்பு அங்கே போகும். காண்ட்ராக்டர் மூன்று முறை மாறியிருந்தாலும் கேட் பாஸ், பஸ் பாஸ், வருகைப் பதிவின் படம் இருந்தால் எத்தனை ஆண்டு அதே ஆலையில் உழைத்தீர்கள் என்று காட்ட முடியும். புதிய சட்டத்தில் குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. ஐந்தாண்டு வேண்டும் என்று எச்.ஆர். சொன்னால் ஏற்காதீர்கள்.

ஒரே வாடிக்கையாளரை நம்பிய சப்ளையர் ஆலை திவாலானால் வேறு வழி. தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் நியமிக்கும் அலுவலர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பார், இரண்டு வாரத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டியிருக்கும். ஆலையைக் கலைத்து விற்கும் நிலை வந்தால், அதற்கு முந்தைய 24 மாதத்துக்கான தொழிலாளர் பாக்கி, ஈடு பெற்ற வங்கிக் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிப் பணம் கலைப்புச் சொத்தில் சேராது. கோரிக்கை கொடுக்காதவர் பெயர் பட்டியலில் வராது, அவ்வளவுதான்.

கணக்கு வராவிட்டால்: வேலையிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு வேலை நாளுக்குள் நிலுவை ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்று இப்போதைய ஊதியச் சட்டம் சொல்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள். தாண்டினால் தொழிலாளர் துறையில் மனு, வட்டியோடு கேட்கலாம். மூடலே சட்டப்படி நடக்கவில்லை, வற்புறுத்தி வெளியேற்றினார்கள் என்றால் சமரச அலுவலரிடம் தகராறு எழுப்புங்கள். 45 நாளில் தீரவில்லையென்றால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்தத் தகராறுக்கு இரண்டாண்டுக் கெடு. மனுவோடு நியமனக் கடிதம், கடைசிப் பேஸ்லிப், நீக்கிய கடிதம் அல்லது மூடல் அறிவிப்பின் படம், வங்கிக் கணக்குப் பக்கம், ஆதார் நகல் ஆகியவற்றை இரண்டு செட் எடுத்துப் போங்கள். ஒரு செட்டில் பெறப்பட்டது என்ற முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வர வேண்டாம்.